பொருந்தாத எண்

தானம் வந்த மாட்டைப்
பல் பிடித்துப் பார்க்கக் கூடாது.
இது தானமில்லை.
பதினான்காயிரம் குரோனர் கேட்கிறார் ஓட்வார்.
நானோ பல் மருத்துவர்.
பிடித்துப் பார்க்கிறேன்.

சமையலறை மேசையில் பழைய செய்தித்தாள் விரித்துக்
கிடத்தியிருக்கிறார்.
கிராக் ரைஃபிள், கோங்ஸ்பெர்க் ஆலை, 1908.
முத்திரை எழுத்தின் தலையில் குட்டிக் கிரீடம்.

முதலில் மரம்.
யாராவது உப்புத்தாள் போட்டுத் தேய்த்திருந்தால்
விளிம்பெல்லாம் கரைந்த சோப்புக்கட்டி மாதிரி இருக்கும்.
தேய்க்கவில்லை.
பரிசோதகர் குத்திய வட்டம்
இன்னும் நகத்தில் தட்டுகிறது.
ஆளிவிதை எண்ணெய் மணம்.
அதற்கு அடியில் வேறொரு மணம்.
"மாட்டுக் கொட்டகையிலா இருந்தது?"
ஓட்வார் காப்பியைக் கிளறுகிறார்.
சர்க்கரை போடாத காப்பியை.

வெடியறைக்குள் என் கிளினிக் கண்ணாடியை விட்டு
மறுமுனையில் விளக்கடிக்கிறேன்.
'வாயை நன்றாகத் திறங்கள்' என்று
பழக்கத்தில் நாக்கு நுனிவரை வந்துவிட்டது.
நான்கு பள்ளங்கள் சுழன்று சுழன்று
ஒளிக்குள் போகின்றன.
வாய்முனையிலிருந்து ஒரு சாண் உள்ளே கருமை.
சொத்தையா, கறையா?
கறைதான்.

வலப்பக்கத்துச் சின்னக் கதவைத் திறந்தால்
ஐந்து தோட்டா கொள்ளும் அஞ்சறைப் பெட்டி.
கீல் ஆடவில்லை.
போல்டின் தலையில் ஒற்றைப் பூட்டுப் பல்.
அதன் வேரில்தான் மயிரிழை விரிசல் விடும் என்பார்கள்.
லென்ஸ் வைத்து மூன்று முறை தேடினேன்.
நோயாளி நலம்.

பிறகு எண்கள்.
உடலில் 61204.
போல்டில் 58917.

"பொருந்தவில்லையே" என்றேன்.
இந்த வேலையில்
இதைவிட மலிவான சொல் கிடையாது,
மூன்றில் ஒரு பங்கு விலையைத் தின்றுவிடும்.

நாற்பதாம் வருடம், என்றார் ஓட்வார்,
ஜெர்மானியன் வந்தபோது
அப்பாவும் சித்தப்பாவும் இரண்டு துப்பாக்கிகளை ஒளித்தார்கள்.
உடல்கள் வைக்கோலுக்குள்.
போல்டுகள் இரண்டும் பன்றிக் கொழுப்பு டின்னுக்குள்,
ஏரிக்கரைக் குடிசையில்.
உடல் ஓரிடம், உயிர் ஓரிடம்.
ஐந்து வருடம்.
மே மாதத்தில் டின்னைத் திறந்தபோது
எண்ணை யார் படித்தார்கள்?
கைக்கு வந்ததைச் செருகிக்கொண்டு ஓடினார்கள்.

அந்த இன்னொன்று?

"ஆற்றுக்கு அக்கரை. மஞ்சள் வீடு. ஹால்ஸ்டைன்.
சித்தப்பா மகன்.
காட்டு எல்லைத் தகராறு.
நாங்கள் பேசி நாற்பது வருடமாகிறது."

கதையை வாங்காதே, துப்பாக்கியை வாங்கு.
சேகரிப்பவர்களின் முதல் பாடம் இது.
விற்கிற எல்லாரிடமும் ஒரு டின் இருக்கும்,
ஒரு மே மாதம் இருக்கும்.
அதனால்தான் காரை எடுத்தேன்.
பாலத்துக்குக் கீழே கிளோமா உறைந்து கிடந்தது,
நடந்தே போகலாம் போல.

ஹால்ஸ்டைன் என்னை உள்ளே கூப்பிடவில்லை.
துப்பாக்கியை வாசலுக்கே எடுத்து வந்தார்.
குளிரில் இரும்பு விரலைப் பிடித்திழுத்தது.
உடலில் 58917.
போல்டில் 61204.

ஒரு கணம் எனக்கே மூச்சு நின்றது.
மாற்றிக்கொண்டால், என்று மெல்ல ஆரம்பித்தேன்,
இரண்டுக்கும் விலை ஏறும்.
"அவனுக்கும் ஏறுமா?"
ஏறும்.
"அப்படியானால் வேண்டாம்."
கதவு சாத்திக்கொண்டது.

திரும்பி வந்தேன்.
எண்ணைப் பற்றி ஓட்வார் கேட்கவில்லை.
"படிக்கட்டில் பனி வாரியிருந்தானா?" என்றார்.
இல்லை, முழங்கால் வரை கிடந்தது.
ஜன்னலைப் பார்த்தார்.
"இடுப்பு வலி அவனுக்கு. அவன் அப்பாவுக்கும் அதேதான்."
இன்னொரு கோப்பை ஊற்றினார்.
"பன்னிரண்டு."
ஒன்பது, என்றேன்.
"பத்தரை. போலீஸ் அனுமதி வந்ததும் எடுத்துப் போங்கள்."

பத்தரைக்கு முடிந்தது.

என் பதிவேட்டில் ஒரு கட்டம் உண்டு:
எல்லா எண்களும் பொருந்துகின்றனவா?
ஆம், இல்லை.
இரண்டுக்கும் நடுவில் பேனாவை வைத்தேன்.
மை ஊறிப் பெரிய புள்ளியாகிவிட்டது.